பி சைடையும் கேட்டுவிட்டுப் பேசுவோம்

1964 என்ற ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். 'கர்ணன்', 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை', 'படகோட்டி', 'கலைக்கோவில்'. ஐந்து படங்களுக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. முதல் நான்கின் பாட்டுகளை இன்றைக்கும் டீக்கடை முதல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி வரை கேட்கலாம். ஐந்தாவது ஓடாத படம். ஸ்ரீதர் இயக்கிய அந்தப் படத்துக்கு வீணை வாசித்தவர் சிட்டிபாபு. பாலமுரளிகிருஷ்ணாவும் சுசீலாவும் ஆபோகி ராகத்தில் சேர்ந்து பாடினார்கள். படம் பெட்டிக்குள் போனபோது பாட்டும் கூடவே போயிருக்க வேண்டும். போகாமல் தங்கியதற்குக் காரணம், இசைத்தட்டை வாங்கி வைத்திருந்த சில வீடுகள். அங்கிருந்து அது கேசட்டுக்கு வந்தது, கேசட்டிலிருந்து குறுந்தகட்டுக்கு வந்தது.

சொந்தச் சேகரிப்பின் அருமை இதில்தான் இருக்கிறது. கடை விற்காததை, வானொலி போடாததை, செல்பேசிச் செயலி முன்னால் காட்டாததை அது வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சேர்த்ததை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி கேட்பவர்கள் குறைவு. கேட்டுவிட்டு, இது நன்றாக இருக்கிறது, இது இல்லை என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

நம் இசைப் பேச்சு பெரும்பாலும் துதியாக இருக்கிறது, இல்லாவிட்டால் சண்டையாக இருக்கிறது. இளையராஜா ரசிகர் முன்னால் அவருடைய ஒரு பாட்டைச் சுமார் என்று சொல்லிவிட முடியாது. ரஹ்மான் ரசிகரிடமும் அதே கதை. எம்.எஸ்.வி. காலத்தவர்கள் இந்த இருவரையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்கள். பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுதான் மனதில் ஆழமாகத் தங்கும் என்று உளவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பிடிப்பு உண்மையானது, மதிக்க வேண்டியதும்கூட. ஆனால் பாட்டு நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, உட்கார்ந்து முழுக் கேசட்டையும் கேட்பது. பிடித்த பாட்டுக்குத் தாவாமல், முன்னிசையிலிருந்து கடைசிச் சரணம் வரை, ஏ சைடு முடிந்ததும் திருப்பிப்போட்டு பி சைடையும் கேட்பது.

இளையராஜாவிலிருந்தே தொடங்கலாம், பெரும்பாலான வீடுகளில் கேசட் அடுக்கின் பெரும்பகுதி அவருடையது. 'உதிரிப்பூக்கள்' (1979), 'ஜானி' (1980), 'நிழல்கள்' (1980) ஆகியவற்றை இன்று நல்ல ஹெட்போனில் கேட்பவருக்கு முதலில் வியப்பு தருவது அடியில் ஓடும் பேஸ் கிதார். பாடகர் ஒரு மெட்டில் போக, அது தனக்கென்று இன்னொரு மெட்டில் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் இதில் பாதி காதில் விழவே இல்லை. ஆயிரம் முறை கேட்ட பாட்டு என்று நினைத்தவர்கள் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். வயலின் கூட்டம் ஒன்றாக எழும்பி ஒன்றாக அடங்கும் இடங்களில் மனிதக் கைகள் தெரிகின்றன. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஒலிக்கு வயதாகவில்லை.

எண்பதுகளின் கடைசி ஆண்டுகளுக்கு வரும்போது இதே வார்த்தைகளைச் சொல்ல முடியவில்லை. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தின் தீம் மியூசிக்கில் கணினி வழி இசை வந்தபோது அது பெரிய புதுமை. இன்றும் அதன் துணிச்சல் புரிகிறது. அதன்பின் வந்த பல படங்களில், முன்பு வயலின்கள் நிறைந்திருந்த இடத்தில் சிந்தசைசர் உட்கார்ந்தது. மெட்டு நிற்கிறது, ஒலி மெலிந்துவிட்டது. வேலைப்பளுவையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: 1976இல் 'அன்னக்கிளி', 1987இல் வந்த 'நாயகன்' 400ஆவது படம். ஆண்டுக்குச் சராசரியாக 36 படங்கள்! அத்தனையும் பொன்னாக இருக்க முடியாது என்று சொல்வது அவருக்கு இழுக்கில்லை. அந்த 400இல் எத்தனை பொன் என்று பொறுக்கியெடுத்துச் சொல்வதுதான் ரசிகரின் வேலை. 'நாயகன்' அதில் சந்தேகமில்லாமல் சேரும். சில ஆண்டு கழித்து வந்த 'தளபதி'யும் (1991) அதே தரம்.

படத்துக்கு வெளியே அவர் செய்தவற்றிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தமிழ்நாட்டில் உருவான வாத்திய இசைத் தொகுப்புகளில் முதல் வரிசையில் நிற்பது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் உயிராக இருக்கிறது. இரண்டாண்டு கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' கேட்க இனிமையானது, ஆனால் முன்னதில் இருந்த கட்டுக்கோப்பு இதில் இல்லை. 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் வெளியான 'திருவாசகம்' மாணிக்கவாசகரின் சொல்லில் நிற்கும்போதெல்லாம் நெஞ்சைக் கரைக்கிறது. இடையிடையே வரும் ஆங்கில வரிகள் அந்த உருக்கத்தைக் கலைக்கின்றன. அவை இல்லாமலே அந்தப் படைப்பு உலகத்தின் காதுக்குப் போயிருக்கும்.

ரஹ்மான் கேசட்டுகளைத் திரும்பக் கேட்கும்போது வரிசையே மாறிப்போகிறது. 1992இல் 'ரோஜா' எழுப்பிய பரபரப்பு இயல்பானது. அப்படியொரு சுத்தமான ஒலியைத் தமிழ்க் காது அதற்குமுன் கேட்டதில்லை. இன்று அந்த ஒலி எல்லாருக்கும் கிடைக்கிறது. ஒலியின் புதுமையை நம்பி நின்ற பாட்டுகள் இதனால் கொஞ்சம் வெளிறிவிட்டன. 'லவ் பேர்ட்ஸ்' (1996) போன்றவற்றில் தாளக்கட்டு முன்னால் வந்து மெட்டை மறைக்கிறது. 'திருடா திருடா'வில் (1993) வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் அடுக்கி, ஷாகுல் ஹமீது பாட ஒரு பாட்டு இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்தும் அதன் பக்கத்தில் வைக்க இன்னொன்று அமையவில்லை.

ரஹ்மானின் தமிழ்ப் படங்களில் எது உச்சம் என்று கேட்டால் 'இருவர்' (1997) என்று தயங்காமல் சொல்லலாம். படம் திரையரங்கில் தோற்றது. கேசட்டும் பலருக்குப் பிடிபடவில்லை. நாட்டை ராகத்தில் உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடியது ஒரு பக்கம், ஆஷா போஸ்லே பாடிய ஜாஸ் பாணிப் பாட்டு இன்னொரு பக்கம். ஐம்பதுகள், அறுபதுகளின் தமிழ்ப் படப்பாட்டு எப்படி ஒலித்தது என்பதை நகலெடுக்காமல், அதன் மனசைப் பிடித்துப் புதிதாகச் செய்திருக்கிறார். வந்த புதிதில் இதை ஒருமுறை கேட்டு ஓரமாக வைத்தவர்கள் உண்டு. அந்தக் கேசட் இன்னும் கையில் இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். பிரிந்த பிறகு பழைய சுவை இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. சேகரிப்பு அதை ஒத்துக்கொள்ளவில்லை. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'அவள் ஒரு தொடர்கதை' (1974), 'அபூர்வ ராகங்கள்' (1975), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) எல்லாம் எம்.எஸ்.வி. தனியாக இசையமைத்தவை. பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய, நான்கே சுரங்கள் கொண்ட மகதி ராகத்தை 'அபூர்வ ராகங்க'ளில் யேசுதாஸ் குரலில் கொண்டுவந்து, கதைக்கும் பொருந்த வைத்தார். அதே படத்துக்காக வாணி ஜெயராம் தேசிய விருது பெற்றார். குறை சொல்ல வேண்டுமானால் பாடகர் தேர்வில் சொல்லலாம். எழுபதுகளின் இறுதியில் டி.எம். சௌந்தரராஜனின் குரல் தளர்ந்துவிட்டது. அறுபதுகளில் ஒவ்வோர் எழுத்தையும் வெட்டி வைத்ததுபோல் உச்சரித்த அந்த மாபெரும் பாடகரை, இளம் நாயகனுக்காகக் கீச்சிட வைத்த சில பாட்டுகள் கேட்க வருத்தமாக இருக்கின்றன.

படப்பாட்டைத் தாண்டினால் பக்திப் பாட்டு. இதைச் சேகரிப்பாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தது. அதன் உரிமைத்தொகையை அவர் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக்கொடுத்தார். தினமும் காலையில் ஒலிப்பதாலேயே அதை யாரும் கவனித்துக் கேட்பதில்லை. ஒருமுறை மாலையில், வேறு வேலையில்லாத நேரத்தில் கேட்டுப் பார்க்கலாம். சொல்லின் சுத்தமும், அவசரமே இல்லாத காலப்பிரமாணமும் அப்போதுதான் புலப்படும். நாகூர் ஈ.எம். ஹனிபாவுக்கும் இதே நிலைமை. மைக் இல்லாமலே ஊர்க்கோடி வரை எட்டக்கூடிய அந்தக் குரல் இந்து வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் ஒலித்தது, திராவிட முன்னேற்றக் கழக மேடைகளிலும் ஒலித்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய தமிழ்க் குரல்களைப் பட்டியலிடும்போது திரைப் பாடகர்களோடு நிறுத்திக்கொள்வது அநியாயம்.

தொண்ணூறுகளில் குவிந்த பக்திக் கேசட்டுகளைப் பற்றி இப்படி நல்லதாகச் சொல்ல வழியில்லை. பல கேசட்டுகளில் சாமி பெயர் மட்டும் மாறுகிறது, மெட்டு ஏதோ ஒரு படப்பாட்டுடையது, வாத்தியம் ஒற்றைக் கீபோர்டு. நாட்டுப்புறப் பாட்டுக் கேசட்டுகளையும் அதே கீபோர்டுதான் கெடுத்தது. பறையும் உறுமியும் அடிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்த காலத்தில், அவர்களை அழைக்காமல் இயந்திரத் தாளத்தைப் போட்டது செலவு மிச்சத்துக்காக. அந்தச் சிக்கனம் இன்று காதில் தெரிகிறது.

உறைகளைப் படித்தால் இன்னொரு அநீதி கண்ணில் படும். நடிகர் படம் பெரிதாக இருக்கும். இசையமைப்பாளர், பாடகர், சில சமயம் பாடலாசிரியர் பெயர் இருக்கும். வாசித்தவர் யார்? 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) சிவாஜி திரையில் வாசிக்க, அந்த நாகஸ்வரத்தை உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) எஸ். ஜானகியின் குரலோடு ஈடுகொடுத்தது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். இவர்களை ஊர் அறியும். ஊர் அறியாத கிதார்காரரும் தபேலாக்காரரும் ஷெனாய்க்காரரும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். வாத்தியக் கலைஞர்கள், ஒலிப்பதிவாளர்கள் பெயர்களை உறையில் அச்சிடும் வழக்கத்தைத் தமிழில் பரவலாக்கியது ரஹ்மான். 'பம்பாய்' தீம் இசையில் புல்லாங்குழல் நவீன் என்றும், ரஹ்மான் பாட்டுகளின் ஒலிக்குப் பின்னால் எச். ஸ்ரீதர் இருந்தார் என்றும் சாதாரண ரசிகருக்குத் தெரியவந்தது அதனால்தான். பாட்டு செல்பேசிக்கு மாறியபோது உறை போனது, உறையோடு பெயர்களும் போயின. பல செயலிகளில் பழைய பாட்டுகளுக்குப் பாடகர் பெயரே தப்பாக இருக்கிறது. பாடலாசிரியருக்கு இடமே இல்லை.

கேசட்டுகள் அந்தக் காலத்தில் நமக்குச் செய்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று இரண்டைச் சேர்த்து விற்றார்கள். வெற்றிப் படத்துக்காக வாங்கியவர் வீட்டுக்குள் தோல்விப் படமும் வந்து சேர்ந்தது. பெயரே மறந்துபோன எத்தனையோ படங்களின் நல்ல பாட்டுகள் இப்படித்தான் பிழைத்தன. செயலி இதைச் செய்வதில்லை. பலர் கேட்டதையே அது மேலும் பலருக்குக் கொடுக்கிறது. சில ஆயிரம் பாட்டுகள் திரும்பத் திரும்பச் சுழல, மற்றவை இருந்தும் இல்லாதவை ஆகின்றன. கிடைக்கும் பாட்டும் பழைய பாட்டாக இருப்பதில்லை. மோனோவில் பதிவான அறுபதுகளின் பாட்டுக்கு எதிரொலியும் செயற்கை ஸ்டீரியோவும் ஏற்றி உலவவிடுகிறார்கள். அப்போது எப்படி ஒலித்தது என்பதற்கு வீட்டிலுள்ள தட்டும் நாடாவும்தான் சாட்சி.

அந்தச் சாட்சி அழிந்துகொண்டிருக்கிறது. கேசட் நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையில் பூசிய காந்தத் துகள், வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஹெட்டை உரசிக்கொண்டு ஓடுவது. நம் ஊர் வெயிலும் கடலோர ஈரமும் அதற்கு எமன். வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், அழுத்தும் சிறு பஞ்சு உதிர்ந்துவிடும். பழைய கேசட்டை எடுத்தவுடன் போட்டுவிடக் கூடாது. ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டி, டேப்பின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போட வேண்டும். கணினியில் ஏற்றும்போது எம்பி3 ஆகச் சுருக்காமல் முதலில் வேவ் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது. கேசட் கடையில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகளை வெறும் நகல் என்று தூக்கிப்போடவும் வேண்டாம்; கடைக்காரர் யாரிடமிருந்தோ வாங்கிப் பதிந்த, வேறெங்கும் கிடைக்காத பாட்டு அதில் இருக்கக்கூடும்.

வீட்டில் கேசட்டோ இசைத்தட்டோ வைத்திருப்பவர்கள் இந்த மழைக்காலத்துக்குள் அவற்றைக் கீழே இறக்குங்கள். உறைகளின் இரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். முழுதாகக் கேளுங்கள். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பாட்டின் பெயரோடும் காரணத்தோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் வாசித்தது என்று தெரிந்தால் அந்தப் பெயரை மறக்காமல் சேருங்கள்.