வெள்ளரிக்காயின் மேல் விழுந்த வீண்பழி

ஆகாரத்தின் வழியாய்ப் பரவும் ஈ.கோலி என்னும் கிருமியின் சில வகைகள் வயிற்றுக்கடுப்போடு நில்லாமல் சிறுநீரகத்தையே கெடுக்க வல்லவை. குடலில் அவை உண்டாக்கும் ஷிகா நஞ்சு இரத்தத்திற் கலந்து, மயிரிழையினும் மெல்லிய குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்தும். ஆங்கே இரத்தம் உறைந்து அடைக்க, அவ்விடுக்கிற் செல்லும் சிவப்பணுக்கள் சிதையும். இரத்தபேதி கண்ட சில நாட்களில் உடல் வெளுத்துச் சிறுநீர் குன்றுவது இதன் அடையாளமாகும். சிறு குழந்தைகளையே பெரிதும் வருத்தும் இந்நோய், 2011-ம் ஆண்டில் வட ஜெர்மனியில் வயது வந்தோரை, அவருள்ளும் மாதரை, மிகுதியாகப் பற்றிற்று. 855 பேர் இந்நிலையை அடைந்தனர். கொள்ளைநோயில் மாண்டவர் 53 பேர்.

அவ்வாண்டு மே மாதம் 26-ந் தேதி ஹாம்பர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயின் தேச வெள்ளரிக்காயே காரணமென அறிவித்தனர். சில நாட்களில் அக்காயிலிருந்த கிருமி வேறு வகையதென்று தெளிவாயிற்று. அதற்குள் விற்பனை அற்று, ஸ்பெயின் குடியானவர்கள் விளைந்த காயைக் குப்பையிற் கொட்டினர். ஐரோப்பிய ஐக்கியம் பின்னர்க் காய்கறி விளைவித்தோர்க்கு 21 கோடி யூரோ ஒதுக்கியது. இழந்த நம்பிக்கைக்கு ஈடு ஏது?

நோய் பரவுங்கால் எச்சரிப்பது குற்றமன்று. ஐயத்தைத் தீர்ப்பாகக் கூறியதே குற்றம். நோயாளிகள் வெள்ளரியையும் தக்காளியையும் நினைவு கூர்ந்தனர். மேலே தூவிய முளைகளைப் பலர் மறந்தனர். உண்டிச்சாலைகளில் எப்பதார்த்தத்தில் எது சேர்ந்ததென்று விசாரித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. கீழ் சாக்ஸனி மாகாணத்துப் பண்ணை ஒன்றின் கணக்குகளைப் பார்த்தபோது, நோய் கூட்டமாய்க் கண்ட 41 இடங்களுக்கும் அதன் முளைகள் சென்றமை புலனாயிற்று. ஜூன் மாதத்தில் பிரான்ஸில் போர்டோ நகரருகே அதே நோய் தோன்றிற்று. அங்கே முளைத்த வெந்தயமும், ஜெர்மன் பண்ணையின் வெந்தயமும், எகிப்திலிருந்து 2009-ல் கப்பலேறிய ஒரே சரக்கைச் சேர்ந்தவை!

விதையில் ஒட்டிய சில கிருமிகள் முளைகட்டும் வெப்பத்திலும் ஈரத்திலும் பல கோடியாகும். நன்றாய் வேகவைத்தால் அவை மடியும். பச்சையாய்த் தின்போர்க்கே அபாயம் அதிகம்.

விதை வியாபாரிகளும் நிலச்சுவான்தார்களும் சரக்குக் குறிப்பை வீண் எழுத்து வேலையென இகழ்வதுண்டு. ஈதோ, சோதித்த வெந்தயத்தில் அக்கிருமி அகப்படவேயில்லை. எகிப்து தேசத்தாரும் குற்றத்தை ஒப்பவில்லை. வழக்கு முழுதும் மூட்டையின் இலக்கத்தின் மேலும், யாருக்கு எப்போது விற்றதென்ற கணக்கின் மேலுமே நின்றது. குறிப்பு வைத்திருப்பவனுக்கே தன் காய் குற்றமற்றதென நாட்டச் சான்று உண்டு. விதை வாங்கும் நாளில் மூட்டைச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துமாறு கிராம அதிகாரிகள் குடியானவரை இப்பருவத்திலேயே வற்புறுத்துதல் தகும்.