அவள் காணி, அவன் கையொப்பம்!

சீதனமாகக் கொடுத்த காணி யாருடையது? யாழ்ப்பாணத்துத் தகப்பன் எவரைக் கேட்டாலும் "மகளுடையது" என்றே விடை வரும். உறுதி எழுதிய நொத்தாரிசும் அதையே சொல்வார். காணிப் பதிவகத்தின் ஏடும் அவள் பெயரையே காட்டும். ஆனால், அவள் அக்காணியை விற்கச் சென்றாலும், ஈடு வைக்கச் சென்றாலும், தான் பெற்ற பிள்ளைக்கு நன்கொடையாக எழுதச் சென்றாலும் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது ஒன்றுதான்: "உமது கணவர் எங்கே?"

இதுதான் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு விதித்த நியதி. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி கையாளலாம். அசையா ஆதனத்தைக் கைமாற்றுவதற்கோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அதாவது, கழுத்திலுள்ள தாலிக்கொடியை அடைவு வைக்க அவளுக்கு அறிவு உண்டு. இரண்டு பரப்புத் தோட்டக் காணியை ஈடு வைக்க அறிவு இல்லை! கணவனோ தனது முதுசக் காணியை மனைவியின் சம்மதமின்றியே விற்கலாம்.

விந்தை இதனோடு முடியவில்லை. அதே காணியை மரண சாசனத்தால் எவருக்கேனும் கொடுப்பதற்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை என்கிறது அதே சட்டம். மாண்ட பின்னர்தான் தன் மண்ணுக்கு அவள் அரசி. வாழும் வரை பராயம் அடையாத பிள்ளை! மணமாகாத பெண்ணுக்கு இத்தடை இல்லை. கணவனை இழந்தவளுக்கும் இல்லை. தாலி ஏறிய நாளில் ஓடிப்போகும் அறிவு, அது இறங்கிய நாளில் திரும்பி வந்துவிடுகிறது போலும்!

1923 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் இத்தகைய தளையை அறுத்தது. ஆனால், தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்கு அது ஏற்புடையதன்று என அப்போதே விலக்கு அளிக்கப்பட்டது. பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் மட்டக்களப்புத் தமிழ்ப் பெண் தன் காணிக்குத் தானே கையொப்பமிடுகிறாள். அதனால் அங்கே குடும்பங்கள் குலைந்துவிட்டனவா? அவள்தான் தமிழ்ப் பெண் அல்லளா?

இவ்விதியின் கொடுமையை இன்று முழுதாக உணர்பவர்கள் வன்னித் தாய்மார்கள். 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது கணவனைப் பறிகொடுத்தவர்கள் ஒருபுறம். கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதையே அறியாதவர்கள் மறுபுறம். 2017 ஆம் ஆண்டில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்த பெண்களை நாம் அறிவோம். "கணவர் இறந்துவிட்டார் எனப் பதிந்துவிடும், காணி உமது கைக்கு வரும்" என்று அவர்களுக்குச் சொல்வதா? தேடுவதைக் கைவிட்டால்தான் தன் சொந்த மண்ணை ஆளலாம் என்பது என்ன நீதி?

"நீதிமன்றம் உண்டே" என்பர் நம் சட்டத்தரணி நண்பர்கள். உண்மை. கணவன் கைவிட்டாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால், அவ்வழக்குக்கான செலவை யார் கொடுப்பது? எத்தனை தவணைக்கு அவள் அலைவது? தன் பொருளைத் தான் கையாளப் பிறர் வாசலில் மனுக் கொடுத்து நிற்பவளை உரிமையாளர் என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

காணியை வங்கியில் ஈடு வைக்க முடியாதவள் எங்கே போகிறாள்? வீடு தேடி வரும் நுண்கடன்காரனிடம் போகிறாள். அங்கே எந்தக் கணவனின் சம்மதமும் வேண்டியதில்லை! கிழமைக்குக் கிழமை தவணை கட்டுவதற்கும், அயலவளுக்குப் பிணை நிற்பதற்கும் அவள் கையொப்பம் போதுமானது. அக்கடன் சுமை எவ்வளவு பெருகியது என்றால், வறட்சி வாட்டிய மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 ஆம் ஆண்டில் அரசே முன்வர நேர்ந்தது. கடன்படுவதற்கு முழு மனிதர், ஆதனத்தை ஆள்வதற்கு அரை மனிதர்: இதுவே நாம் நம் பெண்களுக்கு அளித்துள்ள பொருளாதாரம்.

"தேசவழமை நம் இனத்தின் அடையாளம், அதில் கை வைக்காதீர்" என்று குரல் எழுப்புவோர் உளர். அவர்களுக்கு நாம் சொல்வது இது. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டில் தொகுப்பித்த தேசவழமை அன்று முதல் இன்று வரை அப்படியே நிற்கவில்லை. 1911 இல் மாற்றினர். 1947 இல் மீண்டும் திருத்தினர். அப்போதெல்லாம் அழியாத அடையாளம், பெண்ணின் கையொப்பத்தால் அழிந்துவிடுமா? பெண் பிள்ளைக்கெனத் தனி ஆதனம் கொடுத்த மரபு நம் மரபு. அம்மரபின் பெருமையைக் காப்பது அவள் உரிமையேயன்றி அவன் சம்மதம் அன்று.

"காணி அந்நியர் கைக்குப் போய்விடும்" என்பர் வேறு சிலர். அதனைத் தடுக்கவே 1947 ஆம் ஆண்டின் முன்வாங்கல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கூட்டுரிமையாளரும் வாரிசாகக் கூடியவரும் அதன் மூலம் முதலிடம் கோரலாம். மேலும், கணவனின் சம்மதத்தோடு அந்நியருக்கு விற்கப்பட்ட காணி ஒன்றேனும் இல்லையா? ஆணின் கையொப்பத்துக்கு மண்ணைக் காக்கும் மந்திர சக்தி எப்போது வந்தது?

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் வேறுபாடு கூடாது என்கிறது. 16 ஆம் உறுப்புரையோ பழைய சட்டங்கள் அதற்கு முரணாயினும் செல்லும் என்கிறது. இந்த ஓட்டையைக் கொழும்பு வைத்தது மெய்தான். ஆனால் அதற்குள் பதுங்கியிருப்பவர்கள் நாம். எங்கள் நிலத்தை எங்கள் ஒப்புதலின்றி எவரும் தொடலாகாது என்று மேடைதோறும் முழங்குகிறோம். அதே நிலத்தில் நம் தாய், தமக்கையின் ஒப்புதலை மட்டும் செல்லாக் காசாக்கி வைத்திருக்கிறோம். இந்த இரட்டை நாக்கோடு உலக மன்றத்தில் எந்த முகத்தோடு நீதி கேட்போம்?

ஆகவே நாம் கோருவது பெரிதன்று. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கணவனின் எழுத்து மூலச் சம்மதம் என்னும் அச்சில சொற்கள் நீங்க வேண்டும். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி அதற்குக் கை தூக்க வேண்டும். எதிர்ப்பவர் எவராயினும், அடுத்த தேர்தலில் நம் வீட்டுப் படலையடியில் வந்து நிற்கும்போது நம் பெண்கள் அவரிடம் விளக்கம் கேட்கட்டும்.

தாய்மார்களே! சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டா. உங்கள் சீதன உறுதி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அதை வாசியுங்கள்; விளங்காவிடில் வாசிப்பித்துக் கேளுங்கள். உங்கள் உழைப்பின் பணத்தை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இடுங்கள். விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். உங்கள் கையொப்பத்தின் விலையை முதலில் நீங்கள் அறியுங்கள். பின்னர் நாடு அறியும்.