அம்மாவுக்கு ஒரு நாற்காலி

சில வருடங்களுக்கு முன், பொங்கல் விடுமுறைக்கு ரிஷிவந்தியம் போயிருந்தேன். எங்கள் தெரு அக்கா ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். "தம்பி, இதுல என்னா போட்டிருக்குன்னு படிச்சு சொல்லுப்பா." அவருடைய பதினாறு வயதுப் பையன், சிநேகிதர்களோடு யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். அப்பா கரும்பு வெட்டப் போன இடத்தில் இருந்தார்.

துணைக்கு நானும் போனேன். இரண்டு பஸ் மாறி, மதியம் வரை மரத்தடியில் காத்திருந்தோம். உள்ளே ஒருவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "பெத்தா மட்டும் போதுமா? வளர்க்க வேணாமா?" அக்கா காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். பையன் எதிர்ப்பக்கம் நின்றிருந்தான். மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ராத்திரில தனியா படுக்க பயப்படுவான் தம்பி. அத சொல்லலாம்னுதான் வந்தேன். யாருகிட்ட சொல்றது?"

கோப்பில் இதற்குப் பெயர் 'பெற்றோர் ஆஜர்'. இதைத்தான் குடும்பத்தின் பங்கேற்பு என்று நாம் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1920இலேயே சிறார்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். இந்தியாவில் அதுதான் முதல். இப்போதுள்ள 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பிள்ளையும் பெற்றோரும் ஒவ்வொரு கட்டத்திலும் விவரம் தெரிந்து பங்கேற்பதை உறுதிசெய்வது இளைஞர் நீதிக் குழுமத்தின் கடமை என்கிறது. பிள்ளையைப் பிடித்ததும் பெற்றோருக்குத் தகவல் சொல்லச் சொல்கிறது 13ஆம் பிரிவு. பெற்றோருக்கு அபராதம் விதிக்க 18ஆம் பிரிவில் வழியிருக்கிறது. அபராதம் யாருக்கும் மறப்பதில்லை. 'விவரம் தெரிந்து' என்ற இரண்டு சொற்கள்தான் எப்போதும் தொலைந்துபோகின்றன.

தொலைந்தால் என்ன ஆகும்? 2022 டிசம்பர் 29 அன்று, பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட தாம்பரம் பையன் ஒருவன் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுபோகப்பட்டான். டிசம்பர் 31 அன்று அவன் உயிரோடு இல்லை. வயது 17. நடுவர் விசாரணைக்குப் பின் இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இல்லங்களை ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. தினமும் ஒரு அம்மா வந்து பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்க்கக்கூடிய இடத்தில் இது அவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா? குடும்பத்தை உள்ளே விடச் சொல்வது பாசத்துக்காக மட்டுமல்ல. கண்காணிப்புக்காகவும்தான்.

எங்கள் மாவட்டத்தில் 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளிக் கலவரத்துக்காக 300 பேருக்கு மேல் கைதானார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். "இதுங்களோட அப்பன் ஆத்தா என்ன பண்ணாங்க?" என்று டீக்கடையில் கேட்டவர்களை நான் பார்த்தேன். அப்பன் கேரளாவிலோ திருப்பூரிலோ கூலிக்கு நின்றிருப்பான். வேறென்ன பண்ணுவான்?

குடும்பமே சரியில்லை என்றால்? நியாயமான கேள்விதான். குடித்துவிட்டு அடிக்கிற அப்பனிடம் பிள்ளையை ஒப்படைக்க நான் சொல்லவில்லை. ஆனால் குடும்பம் என்றால் அப்பன் மட்டும்தானா? ஆயா இருக்கிறாள், தாய்மாமன் இருக்கிறான், சித்தி இருக்கிறாள். இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தரவேண்டிய நன்னடத்தை அலுவலர் தெருவுக்கு வந்து தேடினால் கிடைப்பார்கள்.

மாவோரி மக்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு நியூசிலாந்து 1989இல் ஒரு சட்டம் போட்டது. பையன், குடும்பம், போலீஸ், பாதிக்கப்பட்டவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று திட்டம் போடுகிறார்கள். நடுவில் அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள், குடும்பம் தனியாகப் பேசிக்கொள்வதற்காக. (உடனே 'நம்ம பஞ்சாயத்து மாதிரி' என்று ஆரம்பிக்காதீர்கள். சாதி பார்த்துத் திண்ணையில் இடம் ஒதுக்கிய பஞ்சாயத்தை நான் கேட்கவில்லை.) எங்கள் ஆபீசில் சர்வர் விழுந்தால்கூட, அதை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டவனை முதலில் பேச விடுவோம். பிள்ளை விழுந்தால் மட்டும் அவளை மரத்தடியில் உட்கார வைக்கிறோம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. பஸ் செலவையும் அன்றைய கூலியையும் கையில் கொடுங்கள். வர முடிகிற நாளைக் கேட்டு வாய்தா போடுங்கள். தாளில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். உட்கார நாற்காலி கொடுத்து, "உங்க பையனப் பத்தி சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள்.

அக்காவின் பையன் பிறகு ஜாமீனில் வந்தான். அடுத்த வாய்தாவுக்கு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவும் வந்து சேர்ந்தார். அன்றைக்குக் குழுமம் கூடவில்லை.