பழைய பெட்டிக்கு யார் பொறுப்பு?

மாடு கிழடாவது உண்டு. மரம் பட்டுப்போவதும் உண்டு. கணிப்பொறி கிழடாவது எவ்வாறு? நம் பேரவை நண்பர்கள் இந்தக் கேள்வியைச் சற்றே நின்று எண்ண வேண்டும். மேசைமேல் இருக்கும் பெட்டியின் சிலிக்கன் சில்லு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடுவதில்லை. விசிறியில் தூசி அடையும். மின்தேக்கி ஒன்று உப்பும். தகடு ஒன்று துருப்பிடிக்கும். இவை சிறு செலவில் தீரும் குறைகள். ஆயினும் நல்ல நிலையில் உள்ள பெட்டிகள் நாள்தோறும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றனவே, ஏன்? பெட்டிக்கும் அதை ஆளும் மென்பொருளுக்கும் இடையே நின்று மொழிபெயர்த்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான், அதனால்தான்.

அந்த மொழிபெயர்ப்பாளனைக் கடைத்தெருவில் டிரைவர் என்கிறார்கள். நாம் இயக்கி என்போம். திரைக்கு ஓர் இயக்கி, ஒலிக்கு ஓர் இயக்கி, வலையிணைப்புக்கு ஓர் இயக்கி. இயக்கி இல்லாத கிராபிக்ஸ் அட்டை, ஊமையும் செவிடுமான ஆள் போன்றது. வலிமை இருக்கும், சொன்னது அதன் காதில் விழாது. விண்டோஸ் அப்போது தன் கையிருப்பிலுள்ள பொது இயக்கியை வைத்துத் திரையை ஒருவாறு காட்டும். எழுத்து பருத்துத் தெரியும், படம் தள்ளாடும், முப்பரிமாணக் காட்சி என்பது பெயரளவில்தான்.

நான் வேதியியல் முதுநிலை மாணவன். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்தது எங்கள் குடும்பம். படிப்புத் தேடித் திருப்பதிக்கு வந்தேன் நான். சித்தூரில் என் மாமா கணக்கெழுதும் வெல்ல மண்டியில் ஒரு கணிப்பொறியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2011 ஆம் ஆண்டுப் பெட்டி. இரண்டாம் தலைமுறை ஐ3 சில்லு. “எடுத்துக்கொண்டு போடா, படிக்கிறவனுக்காவது உதவட்டும்” என்றார் மாமா. பாகாலா வழியாக ரயிலில், மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். திருப்பதிக் கடையொன்றில் காட்டினேன். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. “இதி பனிகி ராதண்டி” என்றார். இது உதவாது என்பது பொருள். புதிய பெட்டிக்கு அவர் சொன்ன விலை, என் தந்தையின் மூன்று மாத ஊதியம்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 2015 இல் வந்த விண்டோஸ் 10 க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்தது. 2021 இல் வந்த விண்டோஸ் 11, இண்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சில்லுகளைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. ஒரு நிறுவனம் தன் வாசலுக்கு வரம்பு கட்டுவது அதன் உரிமையாக இருக்கலாம். அந்த வரம்புக்கு அப்பால் நிற்கும் பொறியெல்லாம் குப்பை என்று நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

முதலில் இயக்கியைத் தேடும் வழி. வலையில் தேடினால், “ஒரே நொடியில் எல்லா இயக்கியும்” என்று கூவி அழைக்கும் மென்பொருள்கள்தாம் முன்வந்து நிற்கும். அவற்றில் பல, முதலில் பயமுறுத்திப் பின்னர்ப் பணம் கேட்பவை. அவற்றைத் தொடவே வேண்டா. ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு எண்கள் உண்டு; ஒன்று செய்தவனைக் காட்டும், மற்றொன்று பொருளைக் காட்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பெயர் தெரியாத உறுப்பின் விவரப் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி என்பதைப் பார்த்தால் அவை தெரியும். செய்தவன் எண் 8086 என்றால் இண்டெல். 1002 என்றால் ஏஎம்டி. (8086 என்பது 1978 இல் இண்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயர். எண்ணிலும் குலப்பெருமை!) இந்த இரு எண்களும் கையிலிருந்தால், தாய்ப்பலகை செய்தவரின் பக்கத்திலோ சில்லு செய்தவரின் பக்கத்திலோ சரியான இயக்கியைத் தேடிப் பிடித்துவிடலாம்.

பிடித்துவிடலாம் என்றேன், அந்தப் பக்கம் இருந்தால்தானே? 2019 நவம்பரில் இண்டெல் தன் பழைய தாய்ப்பலகைகளுக்கான பயாஸ் கோப்புகளையும் இயக்கிகளையும் தன் தளத்திலிருந்து நீக்கத் தொடங்கியது. அவை எவ்வளவு இடத்தை அடைத்தன? இன்று சிறு பென்டிரைவ் ஒன்று பல தாய்ப்பலகைகளின் இயக்கிகளைத் தாங்கும். இடம் பற்றாமல் நேர்ந்த செயல் என்று நான் நம்பவில்லை. பொறுப்பைக் கை கழுவும் மனப்பான்மை என்றே சொல்வேன். அமெரிக்காவில் இண்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் காப்பகங்களில் ஆர்வலர் சிலர் படிகளைச் சேர்த்து வைத்ததால், அவற்றிற் பல இன்றும் கிடைக்கின்றன. செய்தவர் எறிந்ததை வழிப்போக்கர் பொறுக்கி வைத்தனர்!

இனி கிராபிக்ஸ் அட்டை. எல்லார்க்கும் இது வேண்டுவதில்லை. கட்டுரை எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் பெட்டி வைத்திருப்பவர், அந்தப் பணத்தில் ஓர் எஸ்எஸ்டியும் சிறிது நினைவகமும் வாங்குவதே அறிவுடைமை. என் போன்றோர் நிலை வேறு. ஹீமோகுளோபின் மூலக்கூற்றில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள். அதைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் இரும்பு எங்கே அமர்ந்திருக்கிறது என்பது விளங்கும். அதற்கு அட்டை வேண்டும்.

கடைக்குப் போனால் ஜிடி 710, ஜிடி 730 ஆகியவற்றைப் புத்தம்புதுப் பெட்டியில் இட்டு நீட்டுவார்கள். கவனியுங்கள்! இவற்றில் பெரும்பாலானவை கெப்ளர் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்துக்குப் புதிய இயக்கிகள் எழுதுவதை என்விடியா 2021 இல் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு முடிந்தன. ஜிடி 730 என்னும் அதே பெயரில் அதனினும் பழைய ஃபெர்மி சில்லும் ஒளிந்திருக்கும். அதன் ஆதரவு 2019 லேயே முடிந்துவிட்டது. ஒரே பெயர், இரண்டு குலம்! ஜிடி 1030 இலும் இதே கூத்து. 2017 இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. நொடிக்கு 48 ஜிகாபைட் கடத்தும். மறு ஆண்டு டிடிஆர்4 நினைவகத்தோடு ஒன்று வந்தது, அது 16.8 தான் கடத்தும். அட்டையின்மேல் பெயர் மாறவில்லை. பாலில் தண்ணீர் கலப்பவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது; இதற்கு என்ன இருக்கிறது? இந்த ஜிடி 1030 க்கும் வழக்கமான புதிய இயக்கிகள் 2025 அக்டோபரோடு நின்றன. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள்.

வாங்குவோர் இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும். அலுவலகப் பெட்டியின் மின்வழங்கி சிறியது. ஆகவே தனி மின்கம்பி கேட்காத அட்டையே பொருந்தும். பெட்டி ஒல்லியானால் அரை உயர அட்டை வேண்டும். மூன்றாவது, பலரும் கவனிக்காதது: பழைய திரைகளில் விஜிஏ வாயிலே இருக்கும், ஜிடி 1030 இல் அந்த வாயிலே கிடையாது. பழைய பயாஸ் புதிய அட்டையை ஏற்க மறுப்பதும் உண்டு. எனவே, பொருந்தாவிடில் திருப்பித் தரலாம் என்ற உறுதி பெற்றே வாங்குங்கள். நான் சப்தகிரி விரைவுவண்டியில் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்து, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 550 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதோடு விஜிஏ மாற்றி ஒன்றும். லினக்ஸை நிறுவினேன். இயக்கியைத் தேடவே இல்லை. அது லினக்ஸின் கருவிலேயே இருந்தது.

இருந்தது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அது அங்கே வந்து சேர்ந்த கதை நீண்டது. 1980 ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்ஐடியில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் இளைஞர், புதிதாக வந்த அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த விரும்பினார். நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983 இல் அவர் குனூ இயக்கத்தை அறிவித்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். 2007 இல் ஏஎம்டி தன் கிராபிக்ஸ் சில்லுகளின் விவர ஏடுகளை வெளியிடத் தொடங்கியது. அதன் பயனைப் பாருங்கள்: 2012 இல் வந்த அட்டைகளுக்கு 2025 லும் லினக்ஸில் திருத்தங்கள் எழுதப்பட்டன. எழுதியவர்களிற் சிலர் ஏஎம்டியின் ஊழியர்கூட அல்லர். என்விடியாவோ நெடுங்காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 2012 இல் பின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே அந்நிறுவனத்தைக் கடிந்து வசைமொழி கூறினார். 2022 மே மாதத்தில்தான் அது தன் இயக்கியின் கருப்பகுதியைத் திறந்தது. அதுவும் 2018 க்குப் பிந்திய அட்டைகளுக்கு மட்டும். நம்மைப் போன்றோர் கையில் இருப்பன எவை? அதற்கு முந்தியவை.

ஆகவே என் கருத்து இது. ஒரு நிறுவனம் ஒரு பொருளுக்கு இயக்கி எழுதுவதை நிறுத்தலாம். நிறுத்தும் அன்றே அதன் விவர ஏடுகளையும் நிரலையும் பொதுவில் வைத்துவிட வேண்டும். சட்டம் அதைக் கட்டாயமாக்க வேண்டும். நம் நடுவண் அரசு 2022 இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. அவ்வாண்டின் இறுதியில் அதற்கென ஒரு தளமும் திறந்தது. உதிரி உறுப்பு கிடைக்க வேண்டும், பழுது நீக்கும் குறிப்பு கிடைக்க வேண்டும் என்பதெல்லாம் நன்று. இயக்கியும் ஓர் உதிரி உறுப்புதான். திருகாணியைத் தருவேன், இயக்கியைத் தரமாட்டேன் என்பவன் எதைத் தந்தவனாகிறான்?

“வாணிக இரகசியம் வெளிப்பட்டுவிடுமே” என்பர். பத்தாண்டுக்கு முந்திய சில்லில் என்ன இரகசியம் எஞ்சியிருக்கும்? போட்டி நிறுவனம் அதைப் பார்த்துத் திருடுவதற்கு ஒன்றும் இல்லை; ஏழை மாணவன் பார்த்துப் பிழைப்பதற்கு நிறைய இருக்கிறது. ரேணிகுண்டா அருகே டிசிஎல் திரைத் தொழிற்சாலைக்கு 2018 இல் அடிக்கல் நாட்டினார்கள். நம் விடுதியிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுதான். திரை செய்யும் மண்ணில், திரையை ஒளிரச் செய்யும் இயக்கிக்கு நாம் யாரிடமோ கையேந்துகிறோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேரவை அறையின் அலமாரியில் ஒரு வன்தட்டும் ஒரு கோடிட்ட நோட்டும் வைப்போம். பழைய பெட்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தம் தாய்ப்பலகையின் பெயர், அந்த இரண்டு எண்கள், வேலை செய்த இயக்கியின் பதிப்பு ஆகியவற்றை நோட்டில் எழுதட்டும்; கோப்பை வன்தட்டில் இடட்டும். தெலுங்கு நண்பர்களின் பெட்டிகளும் அதே சில்லுகளால் ஆனவைதாம்; ஆகவே நோட்டை இரு மொழியிலும் எழுதுவோம். வன்தட்டு ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது. வரும் திங்கட்கிழமை மாலை கொண்டுவந்து செயலாளரிடம் கொடுக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் வெல்ல மண்டிப் பெட்டியின் எண்கள் இருக்கும்.