மரத்திற்கும் குலம் பார்ப்போர்

சென்ற ஆண்டு, இரண்டாமாண்டு பயிலும் மாணவன் ஒருவன் நம்மிடம் ஓர் ஐயத்துடன் வந்தான். அக்கூஸ்டிக் கித்தார் ஒன்றை வாங்கி, வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்கிற அந்தக் குறுக்குக் கம்பிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, வழவழத்த விரற்பலகையில் கமகம் வாசிக்க வேண்டும். அதற்கு எந்த மரத்தால் ஆன கித்தார் ஏற்றது? தமிழ் கற்பிப்பவரிடம் கேட்கத்தக்க வினா அன்று என்று தோன்றலாம். நம் வீட்டுச் சுவரில், நம்முடைய இருபத்தைந்தாம் வயதில் மெட்டு நீக்கிக் கெடுத்த கித்தார் ஒன்று இன்றும் தொங்குகிறது. அதைப் பார்த்தவன் அவன்.

கையில் பதினெட்டாயிரம் ரூபாய் வைத்திருந்தான். மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம். ஆனால் அவன் போய்க் கேட்ட மூன்று இடங்களிலும், கடைக்காரர் முதல் 'விஷயம் தெரிந்த' இரசிகர் வரை, ஒரே விடைதான் வந்ததாம்: முதுகும் விலாவும் முழு ரோஸ்வுட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெட்டை நீக்கியபின் ஒலி செத்துப்போகும். அந்த விலைக்குப் போக அவனுக்கு இன்னும் நாற்பதாயிரம் வேண்டும். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். இக்கட்டுரைக்குக் காரணம் அந்தச் சங்கிலிதான்.

ரோஸ்வுட் மீது நமக்குப் பகை கிடையாது. அதைச் சுற்றி எழுந்திருக்கும் குலப்பெருமையைத்தான் நாம் எதிர்க்கிறோம். மனிதரில் பிறப்பு பார்த்துப் பழகிய நாட்டில் மரத்திற்கும் வருணம் வகுத்து வைத்திருக்கிறோம்: பிரேசில் ரோஸ்வுட் தலைமேல், இந்திய ரோஸ்வுட் அடுத்து, மகாகனி அதற்கும் கீழே, பிளைவுட் ஊருக்கு வெளியே. இந்த வரிசையை ஓதுவோரில் எத்தனை பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்?

கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. ரோஜர் பக்னல் என்ற கித்தார்த் தச்சர் ஆறு கித்தார்களைச் செய்தார். முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகாகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். மற்றவை அனைத்தும் ஒன்றே. மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் செய்வோர் அணியும் கறுப்புக் கண்ணாடியோடு 52 கித்தார் வாசிப்போர் அவற்றை வாசித்து மதிப்பிட்டார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். கண் மூடியதும் குலம் மறைந்துவிட்டது.

இது புதுச் செய்தியும் அன்று. இன்றைய கித்தாருக்கு உருவம் தந்த ஸ்பானியத் தச்சர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் முதுகையும் விலாவையும் காகித அட்டையால் செய்து, முன்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து ஒரு கித்தார் கட்டினார். தந்தியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக முன்பலகைக்குப் போய், அங்கிருந்துதான் காற்றை அசைக்கிறது என்பது அவர் கட்சி. 1995இல் அமெரிக்காவின் பாப் டெய்லர், சரக்கு ஏற்றும் பழைய மரத்தட்டின் பலகைகளை எடுத்துக் கித்தார் செய்து காட்டினார். ஆகவே பணம் போக வேண்டிய இடம் முன்பலகை. அது ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு ஸ்ப்ரூஸோ சிடாரோ ஆக இருக்கட்டும். முதுகு பிளைவுட்டாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மெட்டற்ற கித்தார் என்று வந்துவிட்டால் வழக்கே வேறு. மெட்டு உள்ள கித்தாரில் தந்தி முடியும் இடம் உலோகம். மெட்டை எடுத்துவிட்டால் அது முடியும் இடம் விரலின் சதை. சதைக்குக் கீழே விரற்பலகை. சதை அதிர்வை உறிஞ்சிவிடும். உச்ச ஒலிகளை முதலில் விழுங்கும். மெட்டற்ற கித்தாரின் ஒலி சீக்கிரம் அவிந்துபோவதற்குக் காரணம் இதுதான், முதுகுமரம் அன்று. கவலைப்பட வேண்டிய மரம் விரலுக்குக் கீழே இருக்கும் அந்த ஆறு மில்லிமீட்டர் பலகை. அதைப் பற்றி அந்த மூவரில் ஒருவர்கூட அவனிடம் வாய் திறக்கவில்லை!

நம் பழைய உரையாசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தது. யாழின் பத்தருக்குக் குமிழ், முருக்கு, தணக்கு என இலேசான மரங்கள். கோட்டிற்குக் கொன்றை, கருங்காலி என வன்மரங்கள். அதிர வேண்டிய இடத்தில் மென்மை, தாங்க வேண்டிய இடத்தில் வன்மை. குலத்தைப் பார்க்கவில்லை, செய்யும் வேலையைப் பார்த்தார்கள்.

விரற்பலகைக்குக் கருங்காலியே சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எஃகுத் தந்தி, அதிலும் வெளிச்சுற்று வரிவரியாக உள்ள தந்தி, விரலோடு சேர்ந்து உரசும்போது அரம்போல் பலகையைத் தின்னும், கருங்காலி தாக்குப்பிடிக்கும். ஆனால் இங்கும் ஒரு நிறவெறி நுழைந்துவிடுகிறது. கருங்காலி என்றால் மைபோல் கறுத்திருக்க வேண்டுமாம். டெய்லர் நிறுவனம் 2011இல் கேமரூனில் கருங்காலி அறுக்கும் ஆலை ஒன்றை வாங்கியபின் வெளிவந்த உண்மை வெட்கப்படத்தக்கது: வெட்டிய மரங்களில் பத்தில் ஒன்றுதான் முழுக்கறுப்பு, பழுப்புக் கோடு ஓடியவற்றைச் சந்தை ஏற்காது என்று காட்டிலேயே அழுகவிட்டு வந்தார்கள். கோடு ஓடிய கருங்காலி உறுதியில் எள்ளளவும் குறைந்ததன்று. மலிவுக் கித்தார்களிலோ வெளிறிய மரத்திற்குக் கறுப்புச் சாயம் ஏற்றிக் கருங்காலி வேடம் போட்டிருப்பார்கள். மெட்டைப் பிடுங்கி உப்புத்தாள் போட்டதும் சாயம் வெளுக்கும். (கழுத்துக்குக் கருங்காலி மாலை வாங்குவோரும் இதைக் கவனிக்கலாம்.)

கருங்காலிக்கு வசதி இல்லையா? சாதாரண மரத்தின்மேல் எப்பாக்ஸி பூசிக் கடினமாக்கலாம். ஜாக்கோ பஸ்தோரியஸ் தம் ஃபெண்டர் பேஸின் மெட்டுகளை எடுத்து, பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியை விரற்பலகைக்குப் பூசினார். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டைக் கேட்டவர்கள் அந்தப் பூச்சைக் குறை சொன்னதில்லை. அதே 1976இல் துருக்கிய இசைஞர் எர்கான் ஓகூர் மெட்டற்ற கித்தாரை உருவாக்கினார். மக்காமின் நுண்ணிடைவெளிகளுக்கு மெட்டு தடையாக இருந்ததே காரணம். ஊத் என்ற மெட்டற்ற வாத்தியம் தம் நாட்டிலேயே இருந்தும் அவர் இதைச் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், 'கமகம் வேண்டுமென்றால் சித்திரவீணை இருக்கிறதே, கித்தாரை ஏன் சித்திரவதை செய்ய வேண்டும்' என்று சிரிப்போர் நம்மிடையே உண்டு. பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுத்தபோதும் யாராவது இப்படிச் சிரித்திருப்பார்கள்.

ஏறக்குறைய 650 மில்லிமீட்டர் நீளத் தந்தியில் முதல் அரைச்சுரம் 36 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. பிரமாண சுருதி எனப்படும் 81க்கு 80 என்ற நுண்ணிய வேறுபாடு தந்தியின் தொடக்கத்தில் எட்டே மில்லிமீட்டர். மெட்டுள்ள கித்தாரில் இதைத் தந்தியை இழுத்துத்தான் எட்ட வேண்டும். இழுத்தால் சுரம் ஏறுமே ஒழிய இறங்காது. அந்த எட்டு மில்லிமீட்டருக்காகத்தான் மாணவன் ஆசைப்பட்டான்.

மரத்தைவிட முக்கியமானவை இன்னும் இரண்டு. ஒன்று, கழுத்து. பள்ளங்களில் அடித்து இறக்கிய மெட்டுகள் ஆப்புபோல் கழுத்தைப் பின்னுக்குத் தள்ளி நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கினால், ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும் எஃகுத் தந்திகள் கழுத்தை முன்னே வளைத்துவிடும். நம் இருபத்தைந்தாம் வயதுக் கித்தார் கெட்டது இப்படித்தான். ஆகவே கழுத்துக்குள் திருகிச் சரிசெய்யத்தக்க ட்ரஸ் ராட் இருந்தே ஆக வேண்டும். நைலான் தந்திக் கித்தார் பலவற்றில் அது இருப்பதில்லை. மற்றொன்று, சேடில். மெட்டு போனபின் தந்தி பலகையிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடுதல் உயரத்தில் நிற்கும். நட்டின் பள்ளங்களை ஆழப்படுத்தலாம். ஆனால் கழுத்தின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இறக்கச் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சேடில் முன்பே தேய்ந்து பிரிட்ஜோடு ஒட்டிக் கிடக்கும் கித்தார், பிரேசில் ரோஸ்வுட்டே ஆனாலும் இதற்கு உதவாது.

அந்தப் பிரேசில் ரோஸ்வுட், அருகிவிட்ட உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் 1992 முதல் வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. இந்திய ரோஸ்வுட் என்று விற்பது வேறெதுவுமன்று, நம் மேற்கு மலைத்தொடரின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வர். அதைக் காக்கத் தமிழக அரசு 1994இல் தனிச்சட்டமே இயற்றியது. வெட்டுவதற்கு முன் இத்தனை யோசிக்க வேண்டிய மரத்தை, கேட்டால் வேறுபாடு தெரியாத ஓரிடத்தில் கட்டாயம் என்று ஒரு மாணவனிடம் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

கடைசியில் பதினோராயிரத்திற்குப் பழைய எஃகுத் தந்திக் கித்தார் ஒன்று கிடைத்தது. முன்பலகை முழு ஸ்ப்ரூஸ், மற்றவை பிளைவுட், சேடில் உயரம், ட்ரஸ் ராட் திரும்புகிறது. இரண்டு ஞாயிறு மாலைகள் பிடித்தன. சால்டரிங் இரும்பால் ஒவ்வொரு மெட்டையும் சூடேற்றிக் குறடால் மெல்ல நெம்பினோம். ஏழாம் மெட்டருகே ஒரு சில்லு பெயர்ந்தது. அவசரம் நம்முடையது, அவனுடையதன்று. பள்ளங்களில் வெளிர்நிற வெனீர் சீவல்களை ஒட்டினோம். சுரம் இருக்கும் கோடு அதனால் கண்ணுக்குத் தெரியும். மெட்டுள்ள கித்தாரில் விரல் மெட்டுக்குப் பின்னால் நிற்கும்; இதில் கோட்டின்மேலேயே நிற்க வேண்டும். இதை அவன் கைக்குப் பழக்க ஒரு வாரம் ஆனது. பிறகு எப்பாக்ஸி, மீண்டும் உப்புத்தாள், சுற்று தட்டையான தந்தி.

ஒலி அற்புதம் என்று சொல்லமாட்டோம். மேல் ஸ்தாயியில் இன்னும் சீக்கிரம் அவிகிறது. மூன்றாம் தந்தி ஓரிடத்தில் கரகரக்கிறது; பலகையை அங்கே இன்னும் சமப்படுத்த வேண்டும். ஆனால் சென்ற மாதம் அவன் தோடி வாசித்தபோது காந்தாரம் அசைந்தது. கேட்டுக்கொண்டிருந்த இரசிகர் ஒருவர் முடிந்ததும் எழுந்து வந்து, கித்தாரைத் திருப்பிப் பார்த்து, முதுகில் விரலால் தட்டி, "இது ரோஸ்வுட்தானே தம்பி?" என்று கேட்டார்.

"பிளைவுட் சார்" என்றான் அவன்.