ஏர் ரைஃபிளும் ஐந்நூறு ஈயக் குண்டுகளும்

ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் துப்பாக்கிக்காக மூன்று மாதம் யோசிப்பார்கள். எந்தக் கம்பெனி, ஸ்பிரிங்கா பிசிபியா, செகண்ட்ஹேண்டில் யாரிடம் கிடைக்கும் என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். பெல்லட்டுக்கு மட்டும் முப்பது விநாடி. "அண்ணே, ஒரு டப்பா பெல்லட் குடுங்க." கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். முடிந்தது வியாபாரம்.

இதில் நஷ்டம் காசு மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ரைஃபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பையனோ பெண்ணோ சுடுவது ஏழு, ஒன்பது, எட்டு என்று சிதறும்போது முதலில் சந்தேகப்படுவது தன் கையைத்தான். கோச்சும் மூச்சை அடக்கு, டிரிக்கரை மெதுவாக அழுத்து என்று அதே பாடத்தைத் திரும்பச் சொல்வார். ஆறு மாதம் கழித்து "நமக்கு இது வராது" என்று ரைஃபிள் பரண்மேல் ஏறிவிடும். உண்மையான குற்றவாளி குழலுக்குள் ஒழுங்காக உட்காராத அரை கிராம் ஈயமாக இருந்திருக்கலாம். அதை யாரும் விசாரிப்பதே இல்லை.

ஒரு ஈயக் குண்டுக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் நடுவில் இருக்கும் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் கடைசிக் குண்டு பாக்கி இருக்கும்போது அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், ஹாக்கினென் 9.7. ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெண்கலம். டார்கெட்டில் ஒரு பாயின்ட் என்பது 2.5 மில்லிமீட்டர். ஆக, அந்தக் கடைசிக் குண்டில் மையத்திலிருந்து இருவரும் விலகிய தூரங்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை! பெல்லட் சரியில்லாத துப்பாக்கியில் அதைவிட அதிகமான சிதறல் சர்வசாதாரணம்.

பெல்லட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் உடுக்கை மாதிரி இருக்கும். முன்னால் கெட்டியான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் பாவாடை போல விரிந்த குழிவான பகுதி. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்தப் பாவாடை விரிந்து, குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகளைக் கவ்விக்கொண்டு சுழலத் தொடங்குகிறது. வெளியே வந்தபிறகு பூப்பந்தின் இறகு வேலையையும் அதுவே செய்கிறது. அந்தப் பாவாடையில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தால் போதும், காற்று ஒரு பக்கமாகக் கசிந்து குண்டு திசை மாறும். டப்பாவைப் பைக்குள் போட்டு பைக்கில் குலுக்கிக்கொண்டு வருபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தலையின் வடிவத்தில் பெரிய குழப்பம் தேவையில்லை. பத்து மீட்டர் டார்கெட்டுக்குத் தட்டைத் தலைதான். பஞ்சிங் மெஷின் போலக் காகிதத்தில் சுத்தமாக வட்டம் வெட்டும், ஸ்கோர் பார்க்க வசதி. இருபத்தைந்து, முப்பது மீட்டருக்கு மேல் போனால் காற்றை எதிர்த்துச் செல்ல உருண்டைத் தலை நல்லது. கூர்முனை பெல்லட் பார்க்கத்தான் பயங்கரம். அந்த முனை கொஞ்சம் கோணினாலும் துல்லியம் போய்விடும். அதை வாங்குகிறவர்களில் சிலர் மனதில் இருப்பது டார்கெட் அல்ல, மரத்தில் இருக்கும் கிளியும் வயலில் இருக்கும் கொக்கும். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவர்களுக்கு பெல்லட் ஆலோசனை சொல்வதற்கில்லை.

அடுத்தது வேகம் என்கிற மாயை. துப்பாக்கிப் பெட்டியின்மேல் "விநாடிக்கு 1200 அடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் மிக லேசான, ஈயமில்லாத அலாய் குண்டைப் போட்டு எடுத்த கணக்கு அது. அந்த வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறது. தாண்டிய குண்டு மறுபடி வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது தள்ளாடும். ஒலிம்பிக்கில் சுடும் ரைஃபிள்களின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர், அதாவது 560 அடிக்கும் கீழே. உலகத்தின் மிகத் துல்லியமான ஏர் ரைஃபிள்கள் மெதுவாகச் சுடுகின்றன, நம் ஆட்களோ வேகத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். மேலும், ஸ்பிரிங் துப்பாக்கியில் மிக லேசான குண்டு போட்டால் பிஸ்டனுக்குத் தடையே இருக்காது. வெறும் துப்பாக்கியைச் சுடுவதுபோல ஸ்பிரிங் அடிவாங்கும்.

போட்டி ரைஃபிளுக்கான பெல்லட் சுமார் 0.53 கிராம். பிஸ்டலுக்கு இதைவிட லேசானது உண்டு. இதுவரை சொன்னதெல்லாம் டப்பாவின்மேல் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியது. டப்பா சொல்லாத விஷயம்தான் முக்கியம்.

ஒரே பிராண்டில் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாக விற்கிறார்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம், தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குகூட வராது. ஆனால் ஒரு குழலுக்கு 4.49 பிடிக்கும், ஒரே தொழிற்சாலையில் அடுத்த நாள் செய்த குழலுக்கு 4.51 பிடிக்கும். போதாக்குறைக்கு, குண்டை அழுத்தி எடுக்கும் அச்சு தேயத் தேய ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் குணம் மாறும். எனவே "எது பெஸ்ட் பெல்லட்?" என்ற கேள்விக்குக் கடைக்காரரிடமும் பதில் இல்லை, நேஷனல் சாம்பியனிடமும் பதில் இல்லை. சாம்பியன் சொல்வது அவருடைய குழலின் பதில்.

சோதனை ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. மேஜைமேல் மணல் மூட்டை வைத்து, ரைஃபிளை அதன்மேல் தாங்கலாக வைக்க வேண்டும் (ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, உதைப்பில் அது தன்னிஷ்டத்துக்கு நகர வேண்டும்). புது பெல்லட்டுக்குக் குழல் பழக முதலில் ஒரு பத்துப் பதினைந்து குண்டை கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டு, அப்புறம் பத்துக் குண்டு ஒரே டார்கெட்டில். நல்ல பொருத்தம் என்றால் பத்தும் சேர்ந்து ஒரு சட்டைப் பொத்தான் அளவு ஓட்டைக்குள் அடங்கும். இல்லையென்றால் அம்மைத் தழும்பு மாதிரி சிதறும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

இதே சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். மூட்டைமேல் வைத்தால் பொத்தான் அளவு, நின்றுகொண்டு சுட்டால் உள்ளங்கை அளவு என்றால் குறை பெல்லட்டில் இல்லை. அந்த மாணவன் புது டப்பா வாங்காமல் தினமும் அரை மணி நேரம் நின்று பழகலாம். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு இந்த ஆராய்ச்சியே வீண். சுமாரான தட்டைத் தலை பெல்லட் ஒன்றை, மாற்றாமல் சுட்டால் போதும்.

ஆனால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஐந்து வகை டப்பாவை எங்கே வாங்குவது? பெரும்பாலும் ஒரு டப்பாவில் ஐந்நூறு. சோதனைக்குத் தேவை முப்பதுதான். காமர்ஸ் படிக்கிற யாருக்கும் கை பரபரக்க வேண்டிய இடம் இது. ஐந்து பேர் ஆளுக்கொரு வகை வாங்கி ஐம்பது ஐம்பதாகப் பங்கு போட்டுக்கொண்டால் ஒரு டப்பா விலையில் ஐந்து சோதனை. கிளப்புகளே இதைச் செய்யலாம். டார்கெட் பேப்பருக்குக் காசு வாங்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, முப்பது முப்பதாகப் பொட்டலம் கட்டி விற்கத் தெரியாதா என்ன? துப்பாக்கி ஒருமுறை செலவு, பெல்லட் மாதா மாதச் செலவு. வருடக் கணக்கில் பார்த்தால் எதில் கவனம் வேண்டும் என்பதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை.

பொருந்துகிற லாட் கிடைத்துவிட்டால் அந்த லாட் நம்பரை எழுதி வைத்துக்கொண்டு, கையில் காசு இருக்கிற அளவுக்கு அதே லாட்டில் வாங்கிப் போட வேண்டும். அடுத்த மாதம் போனால் அதே டப்பா, அதே லேபிள், உள்ளே வேறு லாட். அப்புறம் மறுபடியும் மணல் மூட்டைதான்.

கடைசியாக ஒன்று. சுடும்போது பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் வீரர்கள் சிலர் உண்டு. அது ஈயம். கையைக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறப்பதே தப்பு, வாயிலா வைப்பது?