வழிநடைக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் இறுதியாக வைத்தெண்ணப்படும் மலைபடுகடாத்தைப் பாடஞ் சொல்லுவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. நன்னனது கொடைச்சிறப்பை விரிக்குமிடத்து மாணாக்கர் சோர்ந்திருப்பர். வழியின் இயல்பு கூறும் பகுதி வந்ததும் நிமிர்ந்திருப்பர். பன்றியைப் பிடிக்கப் புனத்தார் வைத்த பொறி எங்கே, யானையை வெருட்ட எறியும் கவண்கல் எத்திசையினின்று வரும், வழுக்குநிலம் யாது, இரவில் எங்குத் தங்கலாம், எவ்வூரார் எதனை உண்ணக் கொடுப்பர் என்றெல்லாம் முன்னே சென்று மீண்டவன் பின்னே செல்பவனுக்குக் கூறுகின்றான். நெடுநடைக்குத் திட்டமிடுதல் என்று இன்று உலகெங்கணும் பேசப்படும் கலை இதுவேயன்றி வேறன்று. ஆற்றுப்படையைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்த மொழியினராகிய நாம், நம் நாட்டு நடைவழிகளைப் பற்றி ஆராயாதிருத்தல் பொருந்துமா?

இலங்கையில் இப்பொழுது நடைவழி என்றால் பெக்கோ வழியே பலர் நினைவுக்கும் வருவது. கண்டிக்கு அருகிலுள்ள அந்தானையில் தொடங்கி, கலகா, லூல்கந்துரை எனத் தோட்டங்களினூடே சென்று நுவரெலியாவில் முடியும் இவ்வழி 22 பிரிவுகளையும் 300 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தையும் உடையது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பொருளுதவின. 2023இல் இது முழுவதும் திறக்கப்பெற்றது. பிறநாட்டார் பலர் வந்து நடக்கின்றனர். நன்று. ஆனால் ஒரு வினா எழுகின்றது. அத்தோட்டப் பாதைகளை வெட்டியோர் எவ்வழியாக மலைக்கு வந்தனர்? தேயிலைத் தளிரின் பெயரைத் தாங்கிய அவ்வழிக்கு முன்வழி ஒன்றுண்டு. அது மலையில் இல்லை. மன்னார்க் கடற்கரையில் தொடங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றியபோது, தமிழகத்தினின்றும் தோணியேறிய கூலிமக்கள் தலைமன்னாரிலும் அரிப்பு முதலிய துறைகளிலும் இறங்கினர். அங்கிருந்து கங்காணியின் பின்னே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். பழம் பறிக்கும் பருவத்துக்கு முன்னரே தோட்டம் சேர வேண்டியிருந்தமையால் அவர்களிற் பலர் நடந்தது வறண்ட மாதங்களிலாம். கிணறு வற்றிய காலம். பேதியும் காய்ச்சலும் பரவிய பாதை. 1841 முதல் 1849 வரை எழுபதினாயிரம்பேர் மாண்டனர் என அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. அத்தொகை பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. மாண்டோர் பலர் என்பதில் ஐயமுமில்லை. பின்னாளில் அரசாங்கம் வழியிலே தங்கற்கொட்டில்களும் மருந்தகங்களும் அமைத்தது. நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் அச்சத்தால் அவ்வழி மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும் இரயிலும் இணைந்தபின் கால்நடையாகச் செல்வதற்கே தேவையில்லாது போயிற்று. காடு பாதையை மூடியது. மலையகத்து நாட்டார் பாடல்களில் மட்டும் அது மூடப்படவில்லை.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததைக் குறித்து, அவ்வழியே ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலே தொடங்கி, பேசாலை, மன்னார், முருங்கன், செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் உடன் நடந்தனர். காணியுரிமையும் வீட்டுரிமையும் சமமான குடியுரிமையும் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. அவர்கள் தெரிந்தெடுத்த காலமும் அதே வறண்ட காலம் என்பது கருதத்தக்கது.

அந்நடையை ஆண்டுக்கொருமுறை நினைவுகூரும் நிகழ்ச்சியாக விடுவதா, எவரும் எக்காலத்தும் நடக்கத்தக்க நிலையான வழியாக ஆக்குவதா என்பதே இப்பொழுது எண்ணிப்பார்க்க வேண்டியது. ஸ்பெயின் தேசத்தில் சந்தியாகோ திருத்தலத்துக்குச் செல்லும் பழைய யாத்திரை வழிகள் சில தலைமுறைகளுக்கு முன்பு ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தன. 2024இல் சான்றிதழ் பெற்ற யாத்திரிகர் தொகை ஐந்து இலட்சத்தை நெருங்கியது. ஆங்கே பெருஞ்செலவு செய்து மாளிகை கட்டினாரில்லை. அம்புக்குறி, குறைந்த செலவில் தங்கும் மடம், ஒவ்வோரூரிலும் முத்திரை பெறும் சிற்றேடு, இவையே பெரும்பாலும். யப்பானின் சிகொக்குத் தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் வழிநடையாருக்கு ஊரார் உணவளித்தலை இன்றும் கடமையாகக் கொள்கின்றனர். மடமும் சுமைதாங்கியும் தண்ணீர்ப்பந்தலும் கண்ட நமக்கு இவை புதியனவல்ல. மடுமாதா திருநாளுக்குக் காட்டுவழியே நடந்துசெல்லும் வழக்கத்தை மன்னார் மக்கள் இன்றும் கைவிட்டாரில்லை. ஆதலின் கற்றுக்கொள்ள அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. மடு வீதியில் நின்றாலே போதும்.

முதலிற் காலம். ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை வாடைக்காற்று மழை. மே முதல் செப்டெம்பர்வரை சோளகமும் வெயிலும். எனவே பொதுவான நடையாளருக்கு ஜனவரி தொடங்கி மார்ச்வரையுள்ள காலமே ஏற்றது. வங்காலைச் சரணாலயத்து ஆழமற்ற நீரில் செங்கால் நாரைகளும் பூநாரைகளும் கூடுங் காலமும் அதுவே. அந்நீர்நிலை 2010இல் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பழைய மக்களின் துயரை உணர விரும்புவோர் ஆடியிலும் நடக்கலாம். ஆனால் அவர்க்கு நீரும் மருந்தும் முன்னேற்பாடாக இருத்தல் வேண்டும். உணர்தல் வேறு, வெயிலில் விழுதல் வேறு.

அடுத்து வழி. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகர் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். உடக்குப் பாசுக்குப் பேர்போன பேசாலையில் ஓரிரவு தங்கினால் இரண்டு நாள் நடை. பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காணாமல் எவரும் தீவைக் கடத்தல் கூடாது. தாம்போதியைக் கடந்தபின் திருக்கேதீச்சரத்துக்கு ஒரு கிளை செல்லும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தில் பாலாவியின் கரையிலே இளைப்பாறலாம். தெற்கே அரிப்புக்கு மற்றொரு கிளை. தேசாதிபதி நோர்த்து முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய மாளிகை அங்கே கடலரிப்பால் நாளுக்குநாள் சரிந்து வீழ்கின்றது. நமது அரசாங்கங்கள் எதனைக் காக்க விரைந்தன, எதனைக் கடலுக்கு விட்டன என்பதை எழுதாமலே எழுதிக் காட்டும் சுவர் அது. நேர்வழியோ உயிலங்குளம், கட்டுக்கரைக்குளத்தை அடுத்த முருங்கன் எனக் காட்டுக்குட் செல்லும். அதற்கப்பால் யானைப்பயம் உண்டு. கண்ணிவெடி அகற்றும் பணி நாட்டில் முற்றுப்பெறாத நிலையில், வீதியைவிட்டுப் பழைய தடத்தைத் தேடி இறங்குவோர் உள்ளூரார் துணையின்றி இறங்கலாகாது. மலைபடுகடாத்துப் புலவர் இன்று பாடின், பன்றிப்பொறிக்குப் பின் இதனையும் சேர்த்திருப்பார்.

இங்கே ஒரு தடை கூறப்படும். தீவே எத்தனை நாள் இப்படியிருக்கும் என்பர். தென்கரையில் 2020இல் 30 காற்றாலைகள் நிறுவப்பெற்றன. அவற்றை விரிப்பதையும் கனியமணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஆகஸ்டில் மக்கள் நாட்கணக்காக வீதியில் இருந்தனர். நடைவழி வந்தால் இவை நிற்கும் என யாம் கூறோம். நடைவழிக்கு அத்துணை வலிமையில்லை. ஆயினும் மண்ணை அகழ வருவோர் வெற்றுநிலம் என்று எழுதிக்கொள்ளும் இடத்தில், வழியும் மடமும் பெயர்ப்பலகையும் இருப்பின் அவ்வாறு எழுதுதல் எளிதன்று.

மற்றொரு தடை இன்னும் கூரியது. மாண்டோர் வழியைச் சுற்றுலாப் பொருளாக்கலாமா என்பது. பெக்கோ வழியில் நடப்போர் தேயிலையைக் காண்கின்றனர். லயத்தில் வாழ்வோரைப் படம் பிடிக்கின்றனர். அவ்வாறு இங்கும் நேர்ந்தால் இவ்வழி இல்லாதிருத்தலே நன்று. ஆதலின் வழியின் வரலாற்றைச் சொல்லுவோரும் மடத்தை நடத்துவோரும் மலையகத்து இளைஞரும் மன்னார் ஊராருமாகவே இருத்தல் வேண்டும். 1990இல் வெளியேற்றப்பட்டுப் பின் மீண்ட முஸ்லிம் ஊரவர்க்கும் இதில் உரிய பங்கு வேண்டும். வீடுவிட்டு நடத்தலின் பொருள் அவர்க்கும் தெரியும்.

எங்கே தொடங்குவது? முருங்கன் முதல் மதவாச்சிவரை வீதியோரத்திலுள்ள பழைய கிணறுகளை அவ்வப்பகுதிப் பாடசாலை மாணவர் கணக்கெடுக்கலாம். கிணறு இருந்தவிடத்தே மக்கள் தங்கியிருப்பர். தங்கியவிடத்தே சிலர் புதைக்கப்பட்டுமிருப்பர். ஊரின் முதியோரைக் கேட்டால் இடப்பெயர்களும் கிடைக்கும். கணக்கெடுப்பை ஆகஸ்ட் மாதத்திலே செய்தல் வேண்டும். மாரிகாலத்தில் எல்லாக் கிணற்றிலும் நீர் நிற்கும்.